43 வருஷம் தொடர்ந்து தோத்தும் மேட்ச் நிக்கல... ஒரு நன்றிக்கடனின் கதை!

ஒரு டீம்கிட்ட தொடர்ந்து மூணு தடவை தோத்தாலே, "இனிமே அவனுங்களோட மேட்ச் வேணாம்டா"னு சொல்லிட்டு பேட்டைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவோம். ஆனா, அமெரிக்காவுல ஒரு காலேஜ் டீம் இன்னொரு காலேஜ்கிட்ட 43 வருஷம் வரிசையா தோத்திருக்கு. அப்பவும் அடுத்த வருஷம் கரெக்டா ஆட வந்து நின்னுச்சு. ஏன்?

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விளக்கம். இது மெஸ்ஸி ஆடுற ஃபுட்பால் இல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடுற அமெரிக்கன் ஃபுட்பால். அங்கே காலேஜ் சீசன் முடிஞ்சதும், நல்லா ஆடின டீம்களைக் கூப்பிட்டு நடத்துற ஸ்பெஷல் மேட்ச்களுக்கு 'பௌல்'னு பேர். கிண்ணம் மாதிரி கட்டின ஸ்டேடியத்துல இருந்து வந்த பேர் அது. பெரிய கூட்டம், பெரிய பணம்!

பௌலே வேண்டாம்!

இந்தியானா மாநிலத்துல இருக்கிற நோட்டர் டேம் பல்கலைக்கழகம், 1925 ரோஸ் பௌல்ல ஸ்டான்ஃபோர்டை 27-10னு ஜெயிச்சது. அதுக்கப்புறம் பௌல் பக்கமே போகல. சீசன் முடிஞ்சும் பசங்க ஊர் ஊரா சுத்தினா படிப்பு என்ன ஆகும்ங்கிறதுதான் நிர்வாகத்தோட கவலை. அடுத்து அவங்க பௌல்ல இறங்கினது 1970 ஜனவரி 1-ல்தான்.

இடைப்பட்ட காலத்துல அவங்களுக்கு வழக்கமான சீசன் மேட்ச்தான் திருவிழா. 1946-ல் நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்துல ஆர்மி டீமோட மோதினாங்க. தொடர்ந்து 25 மேட்ச் ஜெயிச்சுட்டு வந்த டீம் அது. கடைசியில ஸ்கோர் என்ன தெரியுமா? 0-0! ஒரு பாயின்ட்கூட விழாத அந்த மேட்ச்சை 'நூற்றாண்டின் ஆட்டம்'னு இன்னிக்கும் கொண்டாடுறாங்க.

கைகொடுத்த கடற்படை

சரி, 43 வருஷக் கதைக்கு வருவோம். தோத்தது நேவி, அதாவது அமெரிக்கக் கடற்படை அகாடமி டீம். ஜெயிச்சது நோட்டர் டேம். ரெண்டு பேரும் 1927-ல் இருந்து வருஷாவருஷம் ஆடுறாங்க.

இரண்டாம் உலகப்போர் நேரத்துல நோட்டர் டேம் ஆண்கள் மட்டும் படிக்கிற இடம். பசங்க எல்லாம் போருக்குப் போயிட்டா வகுப்பு காலி, ஃபீஸும் வராது. அப்போ கடற்படை தன்னோட அதிகாரிகளுக்கான பயிற்சியை அந்த வளாகத்துலயே நடத்துச்சு. ஆயிரக்கணக்கான பேர் அங்கே தங்கிப் படிச்சாங்க. அந்த வருமானத்துலதான் பல்கலைக்கழகம் மூச்சுவிட்டுச்சு.

அந்த உதவியை நோட்டர் டேம் மறக்கல. 'நேவி விரும்புற வரைக்கும் நாங்க அவங்களோட ஆடுவோம்'ங்கிறதுதான் அவங்க நிலைப்பாடு. நாடு முழுக்க ரசிகர்கள் இருக்கிற டீமோட ஆடினா நேவிக்கும் லாபம்தானே!

அந்த ஒரு நாள்

1963-ல் நேவி 35-14னு ஜெயிச்சது. அடுத்த வருஷத்துல இருந்து தோல்வி மேல தோல்வி. காரணம் சிம்பிள். நேவி பசங்க படிப்பு முடிஞ்சதும் ராணுவ சேவைக்குப் போயாகணும். புரொஃபஷனல் ஃபுட்பால் கனவோட இருக்கிற திறமைசாலிகள் அங்கே சேர யோசிப்பாங்க.

2007 நவம்பர் 3. நோட்டர் டேமோட சொந்த மைதானம். முழு நேரம் முடிஞ்சப்போ 28-28. கூடுதல் நேரம் ஒண்ணு, ரெண்டு, மூணுனு போச்சு. மூணாவதுல நேவி டச்டவுன் போட்டு, கூடுதலா 2 பாயின்ட்டும் எடுத்துடுச்சு. நோட்டர் டேமும் டச்டவுன் போட்டுச்சு. ஆனா, அந்த 2 பாயின்ட்டுக்கான ஓட்டத்தை நேவி பசங்க மறிச்சுட்டாங்க. 46-44. 43 வருஷக் காத்திருப்பு முடிஞ்சது!

அதுக்கப்புறம் நடந்ததுதான் ஹைலைட். இந்த ரெண்டு டீமுக்கும் ஒரு வழக்கம் உண்டு. மேட்ச் முடிஞ்சதும் ஒண்ணா நின்னு, ரெண்டு காலேஜ் பாட்டுக்கும் மரியாதை செய்வாங்க. சொந்த மண்ணுல தோத்த அன்னிக்கும் நோட்டர் டேம் பசங்க அப்படித்தான் நின்னாங்க.

1996, 2012, 2023-னு மூணு தடவை அயர்லாந்தின் டப்ளினுக்கே போய் ஆடியிருக்காங்க. 93 வருஷம் நிக்காத இந்த மேட்ச்சை நிறுத்தினது ஒண்ணே ஒண்ணுதான்... 2020-ல் வந்த கொரோனா! 2021-ல் மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்க.

கஷ்டத்துல கைகொடுத்தவங்களுக்கு ஒரு தடவை 'தேங்க்ஸ்' மெசேஜ் தட்டிட்டு நாம நகர்ந்துடுறோம். இவங்க அதை வருஷாவருஷம் மைதானத்துல வந்து சொல்றாங்க பாஸ்!