லேப்டாப்பில் இருந்தும் திறக்கப்படாத லினக்ஸ்: குரோம்பேட்டை தொடர்புள்ள 'பாஸ்' ஏன் பரவல?

விண்டோஸ் 10-க்கான இலவச பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நின்றுவிட்டன. பதிவு செய்தவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் அவகாசமும் 2026 அக்டோபர் வரைதான். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், டிபிஎம் 2.0 சிப் வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் 8-வது தலைமுறையாவது இருக்க வேண்டும். தாம்பரம், சேலையூர், பல்லாவரம் வீடுகளில் இருக்கும் பழைய லேப்டாப்கள் பல இதில் தேறாது.

"லினக்ஸ் போட்டுக்கோங்க" என்பதுதான் அடுத்து வரும் யோசனை. ஆனா எந்த லினக்ஸ்? உபுண்டு, மின்ட், டெபியன், பாஸ் என்று ஒரு பட்டியல். அதற்குள் ஜினோம், கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ என்று இன்னொரு பட்டியல். இந்தக் குழப்பத்துக்கு என்ன காரணம்? விரிவாகப் பார்க்கலாம்.

எதுக்கு இத்தனை லினக்ஸ்?

1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது யூனிக்ஸ். அதே பாணியில் 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியதுதான் லினக்ஸ் கெர்னல். ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதும் இதே கெர்னல்தான்.

பஸ்ஸை நினைச்சுப் பாருங்க. சேசிஸ் ஒரு கம்பெனியில் இருந்து வரும், பாடி கட்டுவது வேறொரு பட்டறை. கெர்னல் என்பது சேசிஸ். மெனு, ஐகான், ஜன்னல் என்று திரையில் பார்ப்பதெல்லாம் 'டெஸ்க்டாப்' எனப்படும் பாடி. சேசிஸை யாரும் இலவசமாக எடுக்கலாம் என்பதால் பட்டறைகள் பெருகிவிட்டன.

டெஸ்க்டாப் சண்டை எப்படி ஆரம்பித்தது?

1996 அக்டோபரில் ஜெர்மனியின் மத்தியாஸ் எட்ரிச் கேடிஇ திட்டத்தை அறிவித்தார். அது பயன்படுத்திய 'க்யூடி' என்ற மென்பொருள் அன்று முழு சுதந்திர உரிமத்தில் இல்லை. அதை ஏற்காதவர்கள் 1997 ஆகஸ்டில் ஜினோமைத் தொடங்கினார்கள். 2000-ல் க்யூடியும் ஜிபிஎல் உரிமத்தில் வந்தது. சண்டைக்கான காரணம் போனது. ஆனா இரண்டு அணிகளும் அப்படியே நின்றன.

2011-ல் ஜினோம் 3 வந்து தோற்றத்தையே மாற்றியது. பிடிக்காதவர்கள் பிரிந்துபோய் மேட், சின்னமன் என்று தனித்தனி டெஸ்க்டாப் செய்தார்கள். உபுண்டுவும் அதே ஆண்டு 'யூனிட்டி' என்ற சொந்த டெஸ்க்டாப்புக்கு மாறி, 2017-ல் மறுபடி ஜினோமுக்கே திரும்பியது.

குரோம்பேட்டைக்கு என்ன சம்பந்தம்?

2005-ல் மத்திய அரசு கட்டற்ற மென்பொருளுக்கென்று 'என்ஆர்சிஃபாஸ்' என்ற தேசிய வள மையத்தை சென்னையில் அமைத்தது. அதை நடத்திய இரண்டு நிறுவனங்களில் ஒன்று சி-டாக் சென்னை. இன்னொன்று, குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் இருக்கும் ஏயு-கேபிசி ஆராய்ச்சி மையம். இந்தத் திட்டத்தின் கீழ் சி-டாக் உருவாக்கியதுதான் 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்', சுருக்கமாக பாஸ். 2007 ஜனவரியில் வெளியானது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு, ஜினோம் டெஸ்க்டாப்போடு, தமிழ் உட்பட இந்திய மொழிகளில் பயன்படுத்தும் வசதியோடு வந்தது.

இலவச லேப்டாப்பில் நடந்தது என்ன?

2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. அந்த லேப்டாப்களில் விண்டோஸ், பாஸ் இரண்டும் இருந்தன. ஆன் செய்யும்போது எது வேண்டும் என்று மாணவரே தேர்வு செய்யலாம். 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தபோது, அரசுத் துறைகளும் பாஸுக்கு மாற வேண்டும் என்று மாநில அரசு அறிவுறுத்தியது.

விலை பூஜ்ஜியம், அரசு ஆதரவு, கையிலேயே லேப்டாப். இதுக்கு மேல என்ன வேணும்? வேண்டியது நிறைய இருந்தது. 2018-ல் மாறிய பிளஸ் 1 கணினிப் பாடநூலில் விண்டோஸுடன் சேர்த்து லினக்ஸும் சொல்லித் தரப்பட்டது. ஆனா அதில் இருந்தது பாஸ் இல்லை, உபுண்டு! லேப்டாப்பில் ஒன்று, புத்தகத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் உள்ளே இருப்பது ஒரே கெர்னல். ஆனால் முதன்முதலாகத் தொடும் மாணவருக்கு மெனு வேறு இடத்தில் இருந்தாலே அது வேறு சிஸ்டம்தான்.

வேலை உலகமும் உதவவில்லை. டிடிபி கடைக்குப் போனால் ஃபோட்டோஷாப், கோரல்டிரா. கணக்கு வேலைக்குப் போனால் டேலி. இவை எதற்கும் நேரடி லினக்ஸ் பதிப்பு கிடையாது. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்றாமல் கொண்டுபோவதும் தலைவலி. மாணவர்கள் விண்டோஸ் பக்கம் சாய்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

கேரளாவில் எப்படி முடிந்தது?

அங்கே ஐடி@ஸ்கூல் திட்டம் ஒரே பாதையைப் பிடித்தது. பள்ளிக் கம்ப்யூட்டர், பாடப்புத்தகம், ஆசிரியர் பயிற்சி, பத்தாம் வகுப்பு ஐடி தேர்வு எல்லாமே லினக்ஸில். அந்தத் திட்டத்தில் இருந்து வளர்ந்த 'கைட்' நிறுவனம், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட தன் சொந்தப் பதிப்பை இன்றும் பள்ளிகளுக்குத் தருகிறது. தேர்வில் வருவதால் மாணவர் தொட்டே ஆக வேண்டும். ஆசிரியருக்கும் தெரிந்தே ஆக வேண்டும்.

வித்தியாசம் இங்கேதான். எந்த டெஸ்க்டாப் அழகு என்பதை வைத்து இந்தப் போட்டி முடிவாகவில்லை. பாடம், பயிற்சி, தேர்வு மூன்றும் எதில் இருந்ததோ அதுவே நிலைத்தது.

இப்போ பழைய லேப்டாப் வச்சிருக்கிறவங்க என்ன செய்யலாம்?

* டேலி, ஃபோட்டோஷாப் இல்லாமல் வேலை ஓடாது என்றால் மாறுவதற்கு அவசரப்பட வேண்டாம். பிரவுசர், வீடியோ, பாடம், டைப்பிங் மட்டும்தான் என்றால் லினக்ஸ் தாராளமாகப் போதும்.

* 4 ஜிபி ரேம் அல்லது அதற்குக் குறைவு என்றால் எக்ஸ்எஃப்சிஇ, மேட் போன்ற இலகுவான டெஸ்க்டாப். 8 ஜிபி இருந்தால் ஜினோம், கேடிஇ, சின்னமன் எதுவும் ஓடும். விண்டோஸ் பழகியவர்களுக்கு சின்னமனும் கேடிஇயும் கை கொடுக்கும்.

* உடனே இன்ஸ்டால் செய்யாதீங்க. முதலில் பென் டிரைவில் போட்டு, அதிலிருந்தே ஓட்டிப் பாருங்க. வைஃபை, சவுண்ட், பிரிண்டர், தமிழ்99 கீபோர்டு நான்கும் வேலை செய்தால் மட்டும் அடுத்த படி.

* இன்ஸ்டால் செய்யும்போது ஹார்ட் டிஸ்க் அழியலாம். போட்டோ, சான்றிதழ்களை முன்பே வேறு இடத்தில் காப்பி எடுத்து வைப்பது கட்டாயம்.

* நண்பரோ, தெருவில் இருக்கும் சர்வீஸ் கடைக்காரரோ எதைப் பயன்படுத்துகிறாரோ, அதையே எடுங்க. சிக்கல் வரும்போது கேட்க ஆள் இருக்கும். பாஸுக்குக் கிடைக்காமல் போனதும் அதுதான்.