பச்சைக்கு ஏன் இத்தனை நேரம்?

“நாங்கதான் சிஸ்டர் முதல்ல வந்தோம்.” அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் எந்த ராத்திரி நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். கணுக்கால் வீங்கிய தம்பியைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, சீட்டைக் கையில் பிடித்தபடி அண்ணன் நிற்கிறார். அரை மணி நேரம் கழித்து வந்த ஸ்ட்ரெச்சர் அவரைத் தாண்டி நேராக உள்ளே போகிறது. ரேஷன் கடையில் நாம் பழகிய நியாயம் இங்கே செல்லாது.

இங்கே செல்லும் நியாயத்துக்கு இருநூறு வயதுக்கு மேல். நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராக இருந்த டொமினிக் ஜான் லாரே, காயம்பட்டவரின் பதவியைப் பார்க்காமல் காயத்தின் கடுமையை மட்டும் பார்த்து வரிசை போட்டார். தளபதியானாலும் சிப்பாயானாலும் உயிர் யாருக்கு முதலில் போகுமோ அவருக்கே முதல் கத்தி. இன்று தமிழக அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் கடுமை குறையும் வரிசையில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பதும் அதே எண்ணத்தின் வழிவந்ததுதான்.

நிறம் முடிவாகும் அந்த ஓரிரு நிமிடங்களில் நடப்பதை நோயாளி பெரும்பாலும் கவனிப்பதில்லை. சிஸ்டர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்; நாடி பார்க்கிறார் என்று நினைக்கிறோம். நாடியை எண்ணி முடித்த பிறகும் கையை விடாமல், நெஞ்சு ஏறி இறங்குவதை அவர் எண்ணிக்கொண்டிருக்கலாம். மூச்சை எண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டால் மூச்சின் வேகமே மாறிவிடும். அதனால்தான் இந்தச் சின்னக் கள்ளத்தனம். உடம்பு உள்ளே தடுமாறத் தொடங்கியதை ரத்த அழுத்தத்துக்கு முன்பே பல சமயம் காட்டிக்கொடுப்பது மூச்சு. விரலில் மாட்டும் கிளிப் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் சதை வழியாகச் செலுத்தி ஆக்சிஜனைக் கணிக்கிறது. அதன் தத்துவத்தை 1970களில் கண்டறிந்த ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி முதலில் தேடியது இதை அல்ல. இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியேற்றுகிறது என்று அளக்கப் பார்த்தார். நாடித் துடிப்பு குறுக்கே வந்து அளவைக் கெடுத்தது. அந்தத் தொல்லையை நீக்க முயன்றபோதுதான் ஆக்சிஜன் அளவு பிடிபட்டது.

சத்தம் போடுகிறவரைவிடச் சத்தமில்லாமல் வியர்த்து உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துதான் அனுபவமுள்ள சிஸ்டர் எழுந்து ஓடுவார். கத்துவதற்கு மூச்சு வேண்டும், தெளிவு வேண்டும். பச்சை என்று உட்காரவைக்கப்பட்டவர் ஒருவகையில் நல்ல செய்தியோடுதான் உட்கார்ந்திருக்கிறார். அதை யாரும் அவரிடம் சொல்வதில்லை, அவ்வளவே.

சரி, அதற்காக மூன்று மணி நேரமா? இங்கேதான் கணக்கு வருகிறது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ.கே. எர்லாங், அழைப்புகள் எப்படி வந்து குவிகின்றன என்று ஆராய்ந்து 1909இல் ஒரு கட்டுரை எழுதினார். வரிசைக் கோட்பாடு அங்கேதான் பிறந்தது. ஒரே ஒரு டாக்டர், ஒரு நோயாளிக்குச் சராசரியாக 10 நிமிடம், ஆட்கள் வருவதும் பார்க்க ஆகும் நேரமும் ஒழுங்கில்லாதவை என்று வைத்துக்கொள்வோம். அவருடைய நேரத்தில் 80 சதவீதம் நிரம்பினால் சராசரிக் காத்திருப்பு 40 நிமிடம். 90 சதவீதமானால் 90 நிமிடம். 95 சதவீதமானால் 190 நிமிடம். முதல் நிலைக்கும் கடைசி நிலைக்கும் உள்ள வித்தியாசம் மணிக்கு ஒரு நோயாளிகூட இல்லை: 4.8 பேர் 5.7 பேராகியிருக்கிறார்கள். டாக்டர் சோம்பேறியாகிவிடவில்லை, முன்னைவிட அதிகமாகத்தான் உழைக்கிறார். மீதமிருந்த கொஞ்சம் ஓய்வுதான் முன்பு வரிசையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. “டாக்டர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்” என்று நாம் எரிச்சல்படும் நிமிடங்களும் அதில் அடக்கம்.

இன்னொன்றையும் அதே கணக்கு காட்டுகிறது. முன்னுரிமை மொத்தக் காத்திருப்பைக் குறைப்பதில்லை, ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மாற்றுகிறது. சிவப்புக்கு மிச்சமாகும் நிமிடங்களைப் பச்சை கட்டுகிறது.

எல்லாக் காத்திருப்பும் வரிசையால் வருவதல்ல. நெஞ்சுவலி என்று வந்தவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்தாயிற்று, ரத்தமும் எடுத்தாயிற்று, இரண்டிலும் ஒன்றுமில்லை. பிறகு ஏன் வீட்டுக்கு விடவில்லை? இதயத் தசை அடிபட்டால் கசியும் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் தெரியும் அளவுக்கு ஏறச் சில மணி நேரம் பிடிக்கலாம். வலி வந்த கையோடு ஓடி வந்தவருக்கு முதல் சோதனை சரியாக இருப்பது எதையும் உறுதிப்படுத்தாது. இரண்டாவது ரத்தத்தைச் சோதனையின் வகையைப் பொறுத்து ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்தோ, பழைய முறையானால் இன்னும் தாமதமாகவோதான் எடுக்க முடியும். எத்தனை டாக்டர்கள் இருந்தாலும் அந்தப் புரதத்தை அவசரப்படுத்த முடியாது.

காரணம் தெரியாத காத்திருப்பு, காரணம் தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும் என்று, காத்திருப்பின் உளவியலை ஆராய்ந்த டேவிட் மைஸ்டர் 1985இல் எழுதினார். “ரெண்டு மணிக்கு மறுபடி ரத்தம் எடுப்போம், அதுவரைக்கும் இங்கேயே இருங்கய்யா” என்று ஒரு வார்த்தை சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் பல இடங்களில் கிடைப்பதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஆனால் பிரிவு பிதுங்கி வழிவதற்குப் பெரிய காரணம் வாசலில் வரும் கூட்டம் அல்ல, பின்பக்க அடைப்பு. சிகிச்சை முடிந்து அட்மிஷன் போட்டவருக்கு மேலே வார்டில் கட்டில் இல்லையென்றால் அவர் கீழே ஸ்ட்ரெச்சரிலேயே கிடப்பார். அடுத்தவரைப் படுக்கவைக்க இடமிருக்காது. வார்டில் குணமானவர் காலையிலேயே உடை மாற்றித் தயாராக இருக்கிறார். ரவுண்ட்ஸ் முடிந்து, பில் கட்டி, டிஸ்சார்ஜ் சம்மரியில் கையெழுத்தாகி அவர் ஆட்டோ ஏறும்போது பிற்பகல். அந்தக் கையெழுத்தைப் பத்து மணிக்கே போட்டால், கீழே கணுக்கால் வீங்கிய தம்பிக்கு எக்ஸ்ரேக்கு முன்பே படுக்க ஓர் இடம் கிடைத்துவிடும்.