50 கேபிக்குள் ஒரு முகம்

வங்கித் தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாள் நெருங்கினால் போதும், வாசகர் கடிதங்களில் ஒரே புலம்பல்தான்: ‘படம் ஏற மாட்டேன் என்கிறது, ஏற்றினால் முகம் தெரியவில்லை.’ வங்கிப் பணியாளர் தேர்வை நடத்தும் ஐபிபிஎஸ் கேட்பது புகைப்படம் 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபி. கூடவே 200க்கு 230 பிக்சல், 140க்கு 60 பிக்சல் என்றும் ஒரு வரி உண்டு. அது ‘விரும்பத்தக்கது’ என்று மட்டும் போட்டிருப்பதால் பலரும் கண்டுகொள்வதில்லை. கேபியை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். வினையே அங்குதான்.

‘தரம் குறையாமல் சுருக்கித் தருகிறோம்’ என்கின்றனவே செயலிகள்?

அப்படியே நம்ப வேண்டாம். ஜேபெக் கோப்பில் துளியும் இழக்காமல் குறைக்கக்கூடியது சொற்பம்தான். படம் எடுத்த இடம், நேரம் என்று கேமரா எழுதிவைத்த குறிப்புகளை நீக்கலாம். இருக்கும் தகவலை இன்னும் சிக்கனமாகக் குறியிடலாம். 4 எம்பி படம் 50 கேபி ஆகிறதென்றால் அது இதனால் அல்ல. ஏதோ வெளியே போயிருக்கிறது. எது போனது என்பதே கேள்வி.

எதை, எப்படித் தள்ளுகிறது?

ஜேபெக் முதலில் படத்தை ஒளி வேறு, நிறம் வேறாகப் பிரிக்கிறது. ஒளியின் ஏற்ற இறக்கத்தை நம் கண் நுணுக்கமாகப் பிடித்துவிடும். நிறத்தில் அவ்வளவு கறார் கிடையாது. அதனால் பெரும்பாலும் நான்கு பிக்சலுக்கு ஒரே நிறத் தகவலை வைத்துக்கொள்கிறது. இதிலேயே தகவலில் பாதி போய்விடும். பெரிய படத்தில் இது தெரியவே தெரியாது. 200 பிக்சல் அகலப் படத்திலோ நெற்றிக் குங்குமம் நாலைந்து பிக்சல்தான் இருக்கும். பெரிதாக்கிப் பாருங்கள், சிவப்பு ஓரம் தோலில் கசிந்திருக்கும்.

அடுத்து, படம் 8க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டப்படுகிறது. ஒரு கட்டத்தின் 64 மதிப்புகளும் வேறு 64 எண்களாக மாறுகின்றன. முதல் எண் அந்தக் கட்டத்தின் சராசரி வெளிச்சத்தைக் குறிக்கும். தொடர்ந்து வருபவை மெல்ல மாறும் நிழல்கள். கடைசியில் இருப்பவை முடியிழை, துணி நெய்வு போன்ற பொடி நுணுக்கங்கள். பெங்களூரில் பிறந்த நசீர் அகமதுவும் டி. நடராஜனும் கே.ஆர். ராவும் 1974இல் வெளியிட்ட கணிதம் இது. 1992இல் வந்த ஜேபெக் தரநிலை இதன்மேல்தான் நிற்கிறது. இதுவரை 64 எண் கொடுத்து 64 எண் வாங்கியிருக்கிறோம், அவ்வளவே.

வெட்டு விழுவது இதற்குப் பிறகு. 64 எண்களில் ஒவ்வொன்றையும் ஓர் அட்டவணையில் உள்ள எண்ணால் வகுத்து, விடையை அருகிலுள்ள முழு எண்ணாக்கிவிடுகிறது. சில்லறை இல்லாத கடைக்காரர் கணக்கைப் பத்து ரூபாய்க்குச் சரிக்கட்டுவதுபோல. தரநிலை மாதிரிக்குத் தந்த ஒளி அட்டவணையில் முதல் எண் 16, கடைசி எண் 99. ஒரு கட்டத்தின் கடைசி மதிப்பு 37 என்று வையுங்கள். 99ஆல் வகுத்தால் அரைக்கும் குறைவு; பூஜ்யமாகிறது. படத்தைத் திறக்கையில் பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் அந்த 37 திரும்ப வராது. இப்படிச் சேரும் பூஜ்ய வரிசைகளைச் சுருட்டி வைப்பதில்தான் கோப்பு இளைக்கிறது. கண்ணுக்குத் தெரியாததைத் தேடிப் பிடித்து வெட்டும் இந்த ஏற்பாட்டின் புத்திசாலித்தனம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

செயலியில் நீங்கள் நகர்த்தும் ‘குவாலிட்டி’ பட்டை இந்த அட்டவணையைத்தான் பெருக்கவோ குறைக்கவோ செய்கிறது. பரவலாகப் புழங்கும் லிப்ஜேபெக் மென்பொருளில் 50 என்றால் அட்டவணை உள்ளபடியே. 75 என்றால் எண்கள் பாதி. 90 என்றால் ஐந்தில் ஒரு பங்கு. அப்போது 99 என்பது 20 ஆகும், நம் 37ம் 40 ஆகத் திரும்பி வரும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே 80 என்று வைத்தால் 80 சதவீதத் தரம் கிடைக்கும் என்பது தவறு. ஒரு செயலியின் 80 இன்னொன்றின் 80 அல்ல. 100இலும்கூட முழு எண்ணாக்கும் சிறு இழப்பு உண்டு.

பட்டையை 10க்கு இறக்கினால் எண்கள் ஐந்து மடங்கு. முதல் எண்ணான 16, 80 ஆகிறது. சராசரி வெளிச்சமே 256 படிகளில் பத்துப் பத்தாகத் தாவும். கன்னத்தில் ஓடு பதித்தாற்போல் சதுரங்கள் தெரிவது இதனால்தான். ஆளை அடையாளம் காணக் கேட்ட படத்தில், அடையாளமே முதலில் அழிகிறது.

அப்படியானால் 50 கேபி என்பதே அநியாயமா?

இல்லை. 4,000க்கு 3,000 பிக்சல் செல்போன் படத்தில் 1.2 கோடி பிக்சல். பிக்சலுக்கு மூன்று பைட் வீதம் 3.6 கோடி பைட். அதை அப்படியே 50 கேபியில் அடைக்க 700 மடங்கு நசுக்க வேண்டும். 200க்கு 230 ஆக்கிவிட்டால் 46,000 பிக்சல், 1,38,000 பைட்தான். மூன்று மடங்குகூட நசுக்க வேண்டாம். ஜேபெக் பத்து மடங்கைச் சாதாரணமாகத் தாங்கும். ஆகவே முதலில் முகத்தை அந்த விகிதத்தில் கிராப் செய்யுங்கள், பிறகு பிக்சலைக் குறையுங்கள், குவாலிட்டியைத் தொடுவது கடைசியில். ஐபிபிஎஸ் அறிவிப்பின் வழிகாட்டுதலோ ஸ்கேனரின் டிபிஐயை (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவை) சரிசெய்யச் சொல்கிறது. விண்ணப்பிப்பவர்களில் எத்தனை பேர் வீட்டில் ஸ்கேனர் இருக்கிறது? செல்போனில் எடுப்பவருக்கு இந்த வரிசையை இரண்டே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம்.

20 கேபிக்குக் கீழே போய்விட்டால்? மூலப் படத்திலிருந்து, குவாலிட்டியை உயர்த்தி மறுபடி சேமியுங்கள்.

சுருக்கியதையே மீண்டும் சுருக்கலாமா? கூடாது, திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் இழப்பு கூடும்.

கையெழுத்தைச் சுற்றிப் பொடிப்பொடியாகப் புள்ளிகள்? கூர்மையான கோட்டைக் காக்கும் பொடி எண்கள் வெட்டுப்பட்டதன் தடம், குவாலிட்டியை ஏற்றுங்கள்.

செல்போன் படத்துக்கு டிபிஐ? கோப்பில் எழுதிய வெறும் குறிப்பு. மாற்றினால் கேபி குறையாது.

வாட்ஸ்ஆப்பில் அனுப்பி எடுத்தால்? அதுவும் சுருக்கும், உங்களைக் கேட்காமல். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் மூலம் அப்படியே வரும்.

இலவச இணையதளங்கள்? கையெழுத்தையும் கைரேகையையும் முன்பின் தெரியாத சர்வருக்கு ஏற்றாதீர்கள். கூகுளின் ஸ்கூஷ் என்ற இணையச் செயலி உங்கள் கருவிக்குள்ளேயே வேலையை முடித்துவிடும்.

ஐபோன் படம் ஏறவில்லை? 2017 முதல் அது ஹெய்க் வடிவில் சேமிக்கிறது. கோப்பின் பெயரை மாற்றினால் போதாது, ஜேபெக் ஆக மாற்றிச் சேமிக்க வேண்டும்.