சிற்றோடைக்கு எந்தத் தூண்டிற்கோல்?

விலை கூடக்கூடத் தரமும் கூடும் என்று நம்புவது நுகர்வோரின் இயல்பு. ஒரு பொருளின் பயன் அந்தப் பொருளுக்குள் மட்டும் அடங்கியிருப்பதில்லை, அதை எந்த வேலைக்கு, எந்தச் சூழலில் பயன்படுத்துகிறோம் என்பதிலும் இருக்கிறது என்று கல்லூரி வகுப்பறையில் பல ஆண்டுகள் நான் சொல்லி வந்திருக்கிறேன். இந்தப் பாடத்துக்குத் தூண்டிற்கோலைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

வடசென்னையில் தூண்டில் புதிய பொருளன்று. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, அலைதடுப்புக் கற்களின் மீதும் முகத்துவாரக் கரைகளிலும் மூங்கில் கழி, தங்கூசி நரம்பு, ஈயக்குண்டு, தக்கை ஆகியவற்றோடு அமர்ந்திருப்போரை எந்தப் பருவத்திலும் காணலாம். அண்மைக்காலமாக அவர்களிடையே பளபளக்கும் கார்பன் கோல்களும் தென்படுகின்றன. புளியந்தோப்பில் எங்கள் தெருவிலேயே இரண்டு இளைஞர்கள் மாதத் தவணையில் அத்தகைய கோல்களை வாங்கியிருக்கிறார்கள். கடலோரத்தில் தொலைவாக வீச அவை உதவும் என்பதில் ஐயமில்லை.

ஆனால், மலை ஓடையின் தேவை வேறு. நீலகிரியில் பணியாற்றும் என் பழைய மாணவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் தொலைபேசியில் கேட்டார்: "சார், உரிய அனுமதி பெற்று டிரவுட் மீன் பிடிக்கலாம் என்று இருக்கிறேன். கடையில் ஒன்பதடி கார்பன் கோல்தான் நல்லது என்கிறார்கள். ஒரு மாதச் சம்பளம் போய்விடும். வாங்கலாமா?" அவருக்குச் சொன்ன விடையைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், நீலகிரி ஓடைக்கு டிரவுட் எப்படி வந்தது என்பதைப் பார்ப்போம். அது நம் மண்ணின் மீன் அன்று. 1860களில் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே அதை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார், முயற்சி பலிக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் எச்.சி. வில்சன் என்பவர் வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட வானவில் டிரவுட்டை அங்கு நிலைபெறச் செய்தார். அவலாஞ்சியில் பொரிப்பகமும் அமைந்தது. அதே காலத்தில்தான் சென்னை மாகாணத்தில் மீன்வளத் துறை உருவானது. அதற்கு வித்திட்ட பிரடெரிக் நிக்கல்சன், 1890களில் வேளாண் வங்கிகள் குறித்து எழுதிய அறிக்கையால் இந்தியக் கூட்டுறவுக் கடன் இயக்கத்துக்கும் வழிகாட்டியவர். கடனுக்கும் மீனுக்கும் ஒரே மனிதர் அடித்தளமிட்டார் என்பது பொருளியல் படித்தோர் நினைவில் கொள்ளத்தக்க செய்தி.

டிரவுட் மீனைப் பிடிக்கப் பெரிதும் பயன்படுவது ஃபிளை ராடு எனப்படும் கோல். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துச் செல்கிறது. இங்கே முள்ளில் இரையாக இருப்பது இறகும் மயிரும் கொண்டு கட்டிய பொய்ப்பூச்சி. அதற்கு எடையே இல்லை எனலாம். ஆகவே, தடித்த நூல்தான் கனத்தைத் தருகிறது. கோலைப் பின்னும் முன்னும் அசைக்கும்போது, காற்றில் நீளும் நூலின் கனம் கோலை வளைக்கிறது; வளைந்த கோல் நிமிரும்போது நூல் பாய்கிறது. வளையாத கோலால் வீச முடியாது என்பதே இதன் அடிப்படை.

நூலின் கனத்துக்கு எண்கள் உண்டு. அமெரிக்கத் தூண்டில் கருவி உற்பத்தியாளர்கள் 1960களின் தொடக்கத்தில் வகுத்த அளவுகோலின்படி, நூலின் முதல் 30 அடியின் எடையே கணக்கு. மூன்றாம் எண் நூலில் அந்த 30 அடி ஏறத்தாழ 6.5 கிராம், நான்காம் எண்ணில் 7.8 கிராம். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. சோலைக்காட்டு ஓடையின் அகலம் பல இடங்களில் பத்தடியைத் தாண்டாது. அங்கே வெளியே விடும் நூல் 12 அல்லது 15 அடி. அதாவது கோலின் நுனியில் இருக்கும் கனம் நான்கு கிராமுக்கும் குறைவு. 40 அடிக்கு அப்பால் வீசுவதற்காக விறைப்பாகச் செய்யப்பட்ட கார்பன் கோல் இந்தச் சிறு கனத்துக்கு அசைந்துகொடுப்பதில்லை. கண்ணாடியிழைக் கோல் வளைந்துகொடுக்கிறது.

காரணம் இழையின் தன்மை. விறைப்பை அளக்கும் அலகில் சாதாரணக் கண்ணாடியிழையின் மதிப்பு ஏறத்தாழ 70 ஜிகாபாஸ்கல்; வழக்கமான கார்பன் இழைக்கு 230. மூன்று மடங்குக்கு மேல் வேறுபாடு. அடர்த்தியோ கண்ணாடியிழைக்கு 2.5, கார்பனுக்கு 1.8. இந்த எண்களை மட்டும் பார்த்தால் கார்பனே வெற்றி பெறும். ஆனால், முறிவதற்கு முன் எவ்வளவு நீளும் என்று பார்த்தால் நிலைமை தலைகீழாகிறது: கண்ணாடியிழை நான்கு விழுக்காட்டுக்கு மேல் நீளும், கார்பன் ஒன்றரை விழுக்காட்டளவில் முறியும். பாறையில் இடித்தாலும் கிளையில் சிக்கினாலும் கண்ணாடியிழைக் கோல் தாக்குப்பிடிப்பதற்கு இதுவே காரணம்.

கண்ணாடியிழைக்கு எடை ஒரு குறைதான். ஒரே தடிமனுள்ள கோலை ஏழடியிலிருந்து ஒன்பதடியாக நீட்டினால், அதே கனத்துக்கு அது வளையும் அளவு இருமடங்குக்கு மேலாகிறது; வளைவு நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. அதைத் தாங்கக் கூடுதல் இழை சேர்த்தால் நுனி கனத்து, மணிக்கட்டு வலிக்கும். ஆகவே, ஒன்பதடிக் கோலுக்குக் கார்பனே பொருத்தம். ஏழடியில் அந்தக் குறை கைக்குத் தெரிவதில்லை. சிற்றோடைக்கு வேண்டியதும் ஏழடிதான்.

தூண்டிற்கோலின் வரலாறு பொருளியல் மாணவருக்குப் பதிலீட்டுப் பண்டம் பற்றிய பாடமாகும். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கைவினைஞர்கள் பிளந்த மூங்கில் பட்டைகளை ஒட்டிக் கோல் செய்யத் தொடங்கியபோது அவர்கள் பயன்படுத்தியது கல்கத்தாத் துறைமுகம் வழியே சென்ற இந்திய மூங்கில். பின்னர், தென்சீனத்தின் டோங்கின் மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது. 1940களின் பிற்பகுதியில் ஆர்தர் ஹோவால்ட் உருவாக்கிய முறையில் ஷேக்ஸ்பியர் நிறுவனம் கண்ணாடியிழைக் கோலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கொரியப் போரையொட்டி 1950 இறுதியில் அமெரிக்கா சீன வணிகத்தைத் தடை செய்தது. மூங்கில் வரத்து நின்றது. கண்ணாடியிழை எளியோர் கைக்கும் எட்டியது. 1970களில் கார்பன் வந்ததும் அதுவும் பழையதாகிவிட்டது. சிற்றோடையில் மீன்பிடிப்போர் மட்டும் அதைக் கைவிடவில்லை. இன்றும் சிறு உற்பத்தியாளர்கள் அவர்களுக்காகவே செய்கிறார்கள்.

இனி, தேர்ந்தெடுக்கும் முறை. நீளம் ஆறரை முதல் ஏழரை அடி வரை போதும். தலைக்கு மேல் கிளைகள் கவிந்த இடத்தில் ஆறரை அடி எளிது. புல்வெளி நடுவே ஓடும் திறந்த ஓடையில் ஏழரை அடி, நூலை நீரோட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடிக்க உதவும். நூல் எண் மூன்று அல்லது நான்கு. இரண்டாம் எண் மெல்லியது. ஆனால் மலைக்காற்றில் தடுமாறும். மிக மெலிந்த கோலால் மீனை நெடுநேரம் இழுக்க நேரிடும். திரும்ப நீரில் விடும் எண்ணமிருந்தால், களைத்த மீன் பிழைப்பது அரிது. ஆகவே, தொடங்குவோருக்கு ஏழடி, நான்காம் எண் என்பதே என் பரிந்துரை.

அடுத்து வளைவு. கடையில் கோலைக் காற்றில் வேகமாகச் சுழற்றிப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. நுனியை ஒருவர் பிடித்துக்கொள்ள, நீங்கள் கைப்பிடியை மெல்ல உயர்த்துங்கள். நுனி மட்டும் வளைந்தால் அது வேகக் கோல். நடுப்பகுதி தாண்டிக் கைப்பிடி நோக்கி வளைவு படிப்படியாக இறங்கினால் அதுவே சிற்றோடைக்கு உரியது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் மடிவதுபோல் தோன்றினால் வாங்க வேண்டாம். முடிந்தால் நூல் பூட்டிப் பதினைந்தடி வீசிப் பாருங்கள். பின்னால் வீச இடமில்லாத இடங்களில், பூச்சியை விரலால் பிடித்துக் கோலை வில்போல் வளைத்து விட்டுவிடுவது ஒரு வழி. கண்ணாடியிழை இதற்கு மிகவும் ஏற்றது.

இணைப்புகளையும் கவனிக்க வேண்டும். பேருந்தில் மலையேறுவோருக்கு மூன்று அல்லது நான்கு துண்டுக் கோல் வசதி. துண்டுகள் இறுகப் பொருந்த வேண்டும். பொருந்தியபின் சிறு இடைவெளி தெரிவது தவறன்று, தேய்மானத்துக்காக விடப்பட்டது அது. பழைய கோல் வாங்கினால் உலோக இணைப்பு ஆடுகிறதா, நூல் செல்லும் வளையங்களில் தேய்ந்த பள்ளம் உள்ளதா, மேற்பரப்பில் வெண்புள்ளியோ நுண்விரிசலோ தெரிகிறதா என வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். வெண்புள்ளி, உள்ளே இழை பிரிந்ததற்கு அடையாளமாக இருக்கலாம். கோலுக்குச் செலவிட்டு நூலில் மிச்சம் பிடிப்பது சரியன்று. இரண்டில் நல்ல நூலுக்கே முதலிடம். சுருளை, நூல் தங்கும் சிறு உருளை போதும்.

பாதுகாப்பு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிகள் தாழ்வாகச் செல்லும் இடங்களிலும் இடிமழை நேரத்திலும் அது உயிருக்கே ஆபத்து. கண்ணாடியிழை இயல்பில் மின்கடத்தாப் பொருள். ஆயினும் ஈரம் படிந்த எந்தக் கோலையும் மின்கம்பிக்கு அருகில் கொண்டுசெல்லக் கூடாது.

கண்ணாடியிழையை வடசென்னை நன்கறியும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாகப் பெருமளவில் வழங்கப்பட்டவை கண்ணாடியிழைப் படகுகள், கட்டுமரங்கள் அருகின. காசிமேட்டில் பிசினும் இழைப்பாயும் கொண்டு படகின் ஓட்டையை அடைக்கும் தொழிலாளர்களுக்கு 'பைபர்' அன்றாடச் சொல். முறிந்த கோலுக்குள் பொருத்தமான உள்தண்டு செருகி ஒட்டுவதும் அதே பொருள், அதே பிசின். அதைத் தேய்க்கும்போது எழும் தூசி தோலையும் மூச்சையும் அரிக்கும்; முகக்கவசமின்றிச் செய்யக் கூடாது. இவ்விழையை மறுசுழற்சி செய்வதும் கடினம். ஆகவே, ஒன்றை வாங்கினால் நெடுங்காலம் பேணிப் பயன்படுத்துவதே நியாயம்.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். நீலகிரியில் 1879லேயே வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் தனிச் சட்டம் வந்தது. இன்று முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் தூண்டில் போட இடமில்லை. பிற நீர்நிலைகளுக்கும் மீன்வளத் துறை, வனத் துறை அலுவலகங்களில் விதிகளைக் கேட்டறிந்த பிறகே செல்ல வேண்டும். காவிரிப் படுகையின் முதுகுயர்ந்த மஷீர் மீன், 2018இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழிவின் விளிம்பில் உள்ள இனமாகச் சேர்க்கப்பட்டது. வந்தேறி டிரவுட் செழித்திருக்க மண்ணின் மீன் மறைவது, நாம் எதைப் பேணினோம், எதை மறந்தோம் என்பதற்குச் சான்று.

பொருளியலில் நிறைவுப் பண்டங்கள் என்று ஒரு கருத்து உண்டு. பேனாவுக்கு மை, கோலுக்கு ஓடை. ஒன்றில்லாமல் மற்றொன்றுக்குப் பயனில்லை. கோலுக்குக் கடையில் விலை இருக்கிறது. ஓடைக்கு விலையில்லை, அதனால் கேட்பாருமில்லை. எங்கள் பகுதி வழியே சென்று பக்கிங்காம் கால்வாயில் சேரும் ஓட்டேரி நல்லாவும் ஒரு சிற்றோடைதான். அதன் கரையில் இன்று மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடக்க முடிகிறது. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. மடவையும் இறாலும் பிடித்து வாழ்ந்தவர்கள் வலையையும் படகையும் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் கருவி இருந்தது, நீர்தான் இல்லை.

என் மாணவர் ஏழடிக் கண்ணாடியிழைக் கோலையே வாங்கினார். கார்பன் கோலுக்கு ஒதுக்கிய தொகையில் பாதிக்கு மேல் மிஞ்சியது என்றார். சரியான கோலைத் தேர்ந்தெடுப்பது ஒருவர் ஒரு மாலையில் முடித்துவிடக்கூடிய வேலை. அதை வீசத் தக்க ஓடையைக் காப்பதற்கு, மாநகராட்சியும் ஆலைகளும் குடிமக்களும் பல ஆண்டுகள் சேர்ந்து உழைக்க வேண்டியிருக்கிறது. முன்னதற்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கையேனும் பின்னதற்கும் செலவிடுவோம்.