ஓ.கே. என்னும் சொல்

மொழியறியாத ஊரில் குடியேறிய நம்மவர்க்கு முதல் நாளிலேயே கைகொடுத்த சொல் ஓ.கே. அதனைத் தமிழாக்கப் புகும்போதுதான் தொல்லை விளங்குகிறது. ஒருமுறை நமது வரைவொன்றின் ஓரத்தில் மேலதிகாரி ஒருவர் இவ்விரண்டு எழுத்துக்களை மட்டும் எழுதியிருந்தார். ஒப்புதல் என்று கொண்டு அச்சுக்கு அனுப்பிவிட்டோம். அவரோ, ‘பார்த்தேன்’ என்ற அளவிலேயே எழுதினாராம்! அச்சான படிகள் அனைத்தும் வீணாயின.

‘உடன்படுகிறேன்’, ‘நலம்’, ‘பரவாயில்லை’, ‘போதும், மேலே செல்க’ என இடத்திற்கேற்பப் பொருள் தரும் இச்சொல்லின் பிறப்பும் விந்தையானதே. சாக்டா என்னும் அமெரிக்கப் பழங்குடியினரின் மொழியினின்று வந்ததென்பார் உளர். அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த உட்ரோ வில்சனும் அவ்வாறே கருதினார். ஆனால் ஆலன் வாக்கர் ரீட் என்னும் அறிஞர் பழைய செய்தித்தாள்களைத் துருவி, 1960-களில் வேறு வரலாற்றை நிலைநாட்டினார். ‘யாவும் சரி’ எனப் பொருள்படும் ‘ஆல் கரெக்ட்’ என்பதை வேண்டுமென்றே ‘ஓல் கொரெக்ட்’ எனப் பிழைபட எழுதிச் சுருக்கிய வேடிக்கையே அது. 1839 மார்ச் 23-இல் ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ இதழில் வெளிவந்தது. அத்தகைய சுருக்கங்கள் பல அப்போதே மறைந்தொழிந்தன. இது நிலைத்ததற்கு 1840-ஆம் ஆண்டுத் தேர்தல் துணைசெய்தது. கிண்டர்ஹூக் ஊரினரான மார்ட்டின் வான் பியூரனை ‘ஓல்ட் கிண்டர்ஹூக்’ என்றழைத்த ஆதரவாளர்கள் ஓ.கே. மன்றம் அமைத்தனர். அவர் தோற்றார், சொல் பரவிற்று.

இப்பொழுதெல்லாம் ‘ஒப்புதல் அளிக்கப்படுகிறது’ என்று முழுமையாக எழுதி வாங்கிய பின்னரே நாம் அச்சுக்கு அனுப்புகிறோம்.