பழவேற்காடு: இரண்டு நாள் பயணக் குறிப்புகள்

பழவேற்காடு, திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் ஆந்திர எல்லைக்கு அருகில் அமைந்துள்ள மீனவர் ஊர். ஆங்கிலேயர் இதைப் புலிகாட் என்று எழுதினர். சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இங்குதான் உள்ளது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு கிடக்கிறது.

திருத்தணியில் இருப்பவர்களுக்கு இது சொந்த மாவட்டத்துக் கடற்கரை. இருந்தாலும் மாவட்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக அரை நாள் ஆகிவிடும். அரக்கோணம் வழியாகச் செல்லும் மின்சார ரயிலில் பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி ரயிலில் மாறிப் பொன்னேரிக்குச் செல்ல வேண்டும். அங்கிருந்து பேருந்து உண்டு. கிருத்திகை நாளில் புறப்படாமல் இருப்பது நல்லது. திரும்பி வரும்போது காவடிக் கூட்டத்தில் ரயிலில் நிற்கக்கூட இடம் இருக்காது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம், புயல் அச்சமும் உண்டு. மழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்களே ஏற்றவை. பூநாரைகளும் அப்போது ஏரியில் இருக்கும்.

குழந்தைகளோடு செல்பவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது படகைப் பற்றித்தான். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே சுற்றுலா வந்தவர்கள் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். படகில் அளவுக்கு மீறி ஆட்கள் ஏறியிருந்தனர். உயிர்காப்பு உடையும் இல்லை. அதன்பின் மாவட்ட நிர்வாகம் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விதித்தது. தடைக்குப் பிறகும் கரையில் நின்று சவாரிக்கு அழைத்தவர்கள் உண்டு. ஏரியின் பல இடங்களில் ஆழம் ஒரு மீட்டர் அளவே என்பதால் ஆபத்து இல்லை என்று தோன்றும். ஆனால் ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் ஓதம் ஏறி இறங்கும்போது நீரோட்டம் மிக வேகமாக இருக்கும். நீச்சல் தெரிந்தவரையும் அது இழுத்துவிடும். படகில் ஏறுவதில்லை என்பதை வீட்டிலேயே பேசி முடித்துக்கொண்டு கிளம்புங்கள். கரைக்குப் போனபின் பிள்ளைகளிடம் மறுப்பது கடினம்.

படகு இல்லாவிட்டாலும் பார்க்க நிறைய இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுவே. துணியும் வெடிமருந்தும் இங்கிருந்து கப்பலேறின. அடிமைகளாக மனிதர்களும் ஏற்றப்பட்டனர். இதைப் பயண நூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. கோட்டை அழிந்துவிட்டது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் நன்றாக இருக்கிறது. அதன் வாயிலில் செதுக்கியுள்ள எலும்புக்கூட்டு உருவங்களை மாணவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். இங்குள்ள முஸ்லிம் பெண்கள் பனை ஓலையில் பின்னும் கூடைகளும் பெட்டிகளும் வாங்கத் தகுந்தவை.

ஏரி மீனவர்களிடையே 'பாடு' என்ற பழைய முறை உள்ளது. மீன்பிடி இடங்களை ஊர்களும் குடும்பங்களும் முறை வைத்துப் பகிர்ந்துகொள்வதே பாடு. இருளர் பெண்கள் சேற்று நீரில் அமர்ந்து கையாலேயே இறால் பிடிப்பதையும் காணலாம். அது அவர்களுடைய பிழைப்பு. கேட்காமல் படம் எடுக்க வேண்டாம்.

ஊரில் தங்கும் விடுதிகள் மிகக் குறைவு. பொன்னேரியில் அறை எடுத்துக்கொண்டு காலையில் பழவேற்காடு சென்று மாலையில் திரும்புவது வசதி. இரண்டாம் நாள் ரயிலில் சூலூர்ப்பேட்டை போகலாம். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் செல்லும் சாலை ஏரியின் நடுவே போகிறது. பருவத்தில் சாலையோரத்தில் நின்றே பூநாரைகளைப் பார்க்கலாம். விண்வெளி மையத்துக்குள் அனுமதி இல்லாமல் விடமாட்டார்கள். ராக்கெட் ஏவுவதைப் பார்வையாளர் மாடத்திலிருந்து காண, முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்ய வேண்டும்.