ஈம் கிராமத்துப் பதிவேடு

தொற்றுநோய்க் கணிதம் பயிலும் என் போன்ற மாணவனுக்கு முதலில் வேண்டுவன எண்கள். முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மாண்டவர்களின் கணக்கு வேண்டுமென்றால் எங்கே போவது? இங்கிலாந்தாயின், கிராமத்து மாதா கோயிலுக்குப் போகலாம்!

ஆங்கில நாட்டுப்புறத்தில் கோயிலும் ஊரும் சேர்ந்ததே ‘பாரிஷ்’. நம்மவருள் தென்னிந்தியத் திருச்சபையார் சேகரம் என்றும், கத்தோலிக்கர் பங்கு என்றும் சொல்வது ஏறத்தாழ இதைத்தான். ஆனால் அந்நாளைய பாரிஷ் தொழுகைக்கு மட்டும் உரியதன்று. ஏழைகளைப் பேணுவதும் சாலையைச் செப்பனிடுவதும்கூட அதன் கடமையாக இருந்தன. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு கோயிலிலும் எழுதி வைக்க வேண்டுமென்று 1538-ல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஆணையிட்டார். அப்பதிவேடுகளுள் ஒன்றின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

டார்பிஷயர் மலைப்பகுதியில் ஈம் என்றொரு சிற்றூர். நம் ‘ஈமம்’ என்ற சொல்லை அப்பெயர் நினைவூட்டுவது தற்செயலே. 1665 செப்டம்பரில் அவ்வூரில் கொள்ளைநோய் தோன்றியது. லண்டனிலிருந்து தையற்காரர் வீட்டுக்கு வந்த துணி மூட்டையில் தெள்ளுப்பூச்சிகள் வந்தன என்பது வழிவழி வரும் செய்தி. குளிர்காலத்தில் தணிந்த நோய் அடுத்த கோடையில் கொழுந்துவிட்டு எரிந்தது.

அப்போது கோயில் குரு வில்லியம் மாம்ப்பெசன். இளைஞர், ஊருக்குப் புதியவர். மக்கள் மதித்ததோ முன்னாள் குரு தாமஸ் ஸ்டான்லியை. அரசு வகுத்த வழிபாட்டு முறையை ஏற்க மறுத்துப் பதவி இழந்தவர் அவர். கொள்கையில் எதிரெதிரான இவ்விருவரும் 1666 ஜூனில் ஒன்றாக நின்று மக்களிடம் மூன்று செய்திகளைச் சொன்னார்கள். இறந்தோரை அவரவர் குடும்பத்தாரே தோட்டத்திலும் வயலிலும் புதைக்க வேண்டும். கோயிலைப் பூட்டிவிட்டுத் திறந்தவெளியில் தள்ளித் தள்ளி நின்று தொழ வேண்டும். ஊர் எல்லையை யாரும் தாண்டலாகாது. மக்கள் இசைந்தார்கள்.

எல்லைக் கல்லில் குழிகள் உண்டு. அவற்றில் காடியை ஊற்றி, அதனுள் காசைப் போட்டு வைப்பார்கள். வெளியூரார் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துக் கொள்வார்கள். டெவன்ஷயர் பிரபுவும் உணவு அனுப்பி உதவினார். எலிசபெத் ஹான்காக் என்ற தாய் எட்டே நாட்களில் கணவனையும் ஆறு மக்களையும் தன் கையாலேயே புதைத்தாள். அக்கல்லறைகளை இன்றும் காணலாம். மாம்ப்பெசன் தம் குழந்தைகளை முன்னரே வெளியூருக்கு அனுப்பியிருந்தார். உடன் தங்கிய மனைவி காதரின் ஆகஸ்டில் மாண்டார். நவம்பரில் நோய் ஓய்ந்தபோது, பதினான்கு மாதங்களில் இறந்தவர் ஏறத்தாழ 260 பேர்.

இந்தக் கணக்கைக் கொண்டு 2016-ல் லிலித் விட்டில்ஸ், சேவியர் டிடெலோ என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். எலி, தெள்ளுப்பூச்சி வழியாக வந்த தொற்று ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. எஞ்சிய முக்கால் பங்கும் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியது என்பதே அது. இதன் பொருள் என்ன? ஊரார் சிதறி ஓடியிருந்தால் நோயும் அவர்களோடு அண்டை ஊர்களுக்குப் போயிருக்கும். ஓடாமல் நின்றதால் வீட்டுக்குள்ளேயே ஒருவர்க்கொருவர் நோயைத் தந்து மாண்டார்கள். அவர்கள் செய்தது அறிவுடைமையா என்று கேட்டால், எல்லைக்கு வெளியே இருந்தவனுக்கு ஆம். உள்ளே இருந்தவனுக்கு விடை அத்தனை எளிதன்று.

நண்பர்களே, 2020-ல் நாமும் ஊரடங்கைக் கண்டோம். நமக்கு எல்லை வகுத்தது அரசு. ஈம் மக்களோ தங்கள் எல்லையைத் தாங்களே ஒப்புக்கொண்டார்கள். ஒத்துப்போகாத இரு குருமார்கள் ஒன்றாக நின்றிராவிட்டால் அந்த இசைவு கிடைத்திருக்குமா என்பது ஐயமே. ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்துக் கடைசி ஞாயிறன்று அவ்வூரார் அதே திறந்தவெளியில் கூடி அவர்களை நினைவுகூர்கிறார்கள்.

அப்பதிவேட்டின் எண்களைக் கணிப்பொறியில் ஏற்றும்போது எனக்கு அவை வெறும் எண்களாகத் தோன்றுவதில்லை. ஒவ்வொன்றும் ஓட வழியிருந்தும் ஓடாமல் நின்ற ஓர் ஆள்.